எடை கூடிய குழந்தைக்கே நோய் முற்றியது: ஓர் இரட்டைப் பிரசவத்தின் நிகழ்வு ஆய்வு

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் என்றதும் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை வாரத்தில் பிறந்தது, எத்தனை கிராம்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இங்கே பதிவு செய்யப்படும் இரட்டையரில் எடை குறைந்த பெண் குழந்தைக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. அவளைவிட 180 கிராம் கூடுதலாகப் பிறந்த தம்பிக்கு இரண்டு கண்களிலும் லேசர் செய்ய வேண்டியிருந்தது. இடது கண்ணில் இரண்டாவது முறையும் செய்தோம். இருவரும் ஒரே தாய்க்கு, ஒரே நாளில் பிறந்து, ஒரே பிரிவில் வளர்ந்தவர்கள். அவர்களைப் பிரித்தது பிறந்த பின் வந்த நான்கு வாரங்கள்.

ஓர் இரட்டையரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. நிறுவப்பட்ட சில விடயங்கள் ஒரு வார்டில் எப்படி உருவெடுக்கின்றன என்பதைக் காட்ட மட்டும் முடியும். குடும்பத்தையும் வைத்தியசாலையையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

## பின்னணி

தாய்க்கு இருபத்தாறு வயது, முதல் பிரசவம். பிறந்த வீடு மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். மணமுடித்து வந்தது கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு. கணவர் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்பவர். இரட்டைக் கர்ப்பம் என்பது முன்பே தெரியும். 29 வாரத்தில் வலி தொடங்கியது. குழந்தைகளின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீரொயிட் ஊசியில் ஒரு தவணைக்கு மட்டுமே நேரம் கிடைத்தது. அன்று இரவே சத்திரசிகிச்சை மூலம் பிரசவம். பெண் குழந்தை 1,080 கிராம், ஆண் குழந்தை 1,260 கிராம். பிரசவ அறையிலேயே எல்லோருடைய கண்ணும் சிறியவள் மீதுதான் இருந்தது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. விழித்திரையின் குருதிக் குழாய்கள் கர்ப்பத்தின் ஏறத்தாழ 16ஆம் வாரத்தில் பார்வை நரம்பின் முனையிலிருந்து புறப்பட்டு, பந்தலில் கொடி படர்வது போல விளிம்பை நோக்கிப் படர்கின்றன. மூக்குப் பக்க விளிம்பை 36ஆம் வாரத்தை ஒட்டியும், காதுப் பக்க விளிம்பை 40ஆம் வாரத்தை ஒட்டியும் எட்டுகின்றன. 29 வாரத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் வெளிவட்டம் இன்னும் குழாய் எட்டாத வெற்றிடம். கருப்பையில் இருப்பதைவிட வெளியில் ஒட்சிசன் அதிகம். அதனால் குழாய்களை வளரத் தூண்டும் காரணிகள் அடங்கிவிடுகின்றன, வளர்ச்சி நின்றுபோகிறது. இது முதல் கட்டம். சில வாரங்கள் கழித்து, பெரும்பாலும் 32 வாரத்துக்குப் பின், குழாய் எட்டாத பகுதி வளர்ந்து, ஒட்சிசன் கேட்டுத் தவிக்கத் தொடங்குகிறது. அப்போது தூண்டுகாரணிகள் அளவுக்கு மீறிச் சுரக்க, ஒழுங்கற்ற புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை நாராகிச் சுருங்கினால் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும்.

பதிவில் இரண்டு அளவுகள் வரும். வலயம் என்பது குழாய்கள் எவ்வளவு தூரம் எட்டியிருக்கின்றன என்பதைச் சொல்வது. ஒன்றாம் வலயம் நடுவில், மூன்றாம் வலயம் ஓரத்தில். நிலை என்பது நோயின் முற்றலைச் சொல்வது. ஒன்று முதல் ஐந்து வரை. இவற்றோடு 'பிளஸ்' என்ற குறி சேர்ந்தால், கண்ணின் பின்பகுதிக் குழாய்கள் வீங்கி நெளிந்துவிட்டன, நோய் வேகமெடுத்துவிட்டது என்று பொருள்.

## முதல் பத்து நாட்கள்

சிறியவள் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தினாள். மூக்கு வழியே தொடர் அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும் சீபாப் நான்கு நாட்கள். ஆறாம் நாளில் சாதாரணக் காற்று. இரண்டாம் நாள் முதல் குழாய் வழியே தாய்ப்பால். பன்னிரண்டாம் நாள் பிறந்த எடையை மீண்டும் எட்டிவிட்டாள்.

தம்பிக்கு மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தது. நுரையீரல் விரிய உதவும் சர்ஃபக்டன்ட் மருந்து கொடுத்து மூன்று நாட்கள் வென்டிலேட்டரில் வைத்திருந்தோம், பின்னர் சீபாப். எட்டாம் நாளில் அவன் சுவாசிக்கும் காற்றில் தேவைப்பட்ட ஒட்சிசன் 25 சதவீதம்தான். குடும்பத்திடம் இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. அன்றைய நிலையில் அது உண்மையும்கூட.

## பதினோராம் நாளுக்குப் பிறகு

பதினோராம் நாள் அதிகாலை ஆண் குழந்தையின் வயிறு உப்பியது. பால் கொடுக்கும் குழாயில் பச்சை நிறத் திரவம் திரும்பி வந்தது. மூச்சு அடிக்கடி நின்றது. குருதிப் பரிசோதனை கிருமித் தொற்றைக் காட்டியது. பின்னர் வந்த வளர்ப்புச் சோதனை அது க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்று உறுதிப்படுத்தியது. மீண்டும் வென்டிலேட்டர், நுண்ணுயிர்க்கொல்லிகள், பால் நிறுத்தம். குடல் அழுகல் சந்தேகம் இருந்ததால் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டுமென்று நகரின் மற்றொரு வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் கொண்டுபோய், மறுநாள் மாலை திரும்பக் கொண்டுவந்தார்கள். சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை.

அந்தப் பயணத்தின் கண்காணிப்புத் தாளை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குருதியின் ஒட்சிசன் செறிவைச் சதவீதத்தில் எழுதும் நிரலில், நீல மையில், ஒழுங்கான கையெழுத்தில்: 100, 100, 99, 100, 100. பார்ப்பவருக்கு இதைவிடத் திருப்தியான தாள் கிடையாது. கொழும்பு வாகன நெரிசலில் ஒரு நோயுற்ற குழந்தையைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்த தாதியின் வேலை அது, அவரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் 29 வாரக் குழந்தையின் விழித்திரைக்கு அந்த 100தான் நஞ்சு. அம்புலன்ஸில் இருந்தது சிலிண்டர் மட்டும். காற்றோடு கலந்து அளவைக் குறைத்துக் கொடுக்கும் கருவி இல்லை. விரலிலோ பாதத்திலோ மாட்டி இந்தச் செறிவை அளக்கும் ஒக்சிமீற்றர் 95க்குக் கீழே நமக்கு உதவுகிறது. 100 என்று காட்டும்போது குருதியில் ஒட்சிசன் அழுத்தம் 90 ஆகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த இரண்டு வாரங்களின் தாள்களில் வேறொரு கோலம் தெரிகிறது. குழந்தை மூச்சை நிறுத்துகிறது, செறிவு 70க்கு இறங்குகிறது, கருவியின் எச்சரிக்கை அலறல் ஒலிக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஒட்சிசன் குமிழைத் திருகி 60 சதவீதத்துக்கு ஏற்றுகிறார். குழந்தை மீள்கிறது, செறிவு 99. அதற்குள் அடுத்த இன்கியூபேட்டரில் வேறொரு அலறல். குமிழ் 60இலேயே அரை மணி நேரம் நிற்கிறது. ஒரு தாதி நான்கு குழந்தைகளைப் பார்க்கும் இரவுப் பணியில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. குறைவும் மிகையும் மாறி மாறி வரும் இந்த ஏற்ற இறக்கம், நிலையாக மிகையாக இருப்பதைப் போலவே, சில வேளை அதைவிடவும் விழித்திரைக்குத் தீங்கானது என்பது விலங்கு ஆய்வுகளிலும் குழந்தைகளின் பதிவுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது.

பால் ஒன்பது நாட்கள் நிறுத்தப்பட்டிருந்தது. குருதி நாளம் வழி ஊட்டம் கொடுக்கப்பட்டாலும் எடை ஏறவில்லை. அடிக்கடி எடுத்த பரிசோதனை மாதிரிகளாலும் தொற்றாலும் ஹீமோகுளோபின் இறங்க, இரண்டு முறை குருதி ஏற்றினோம். பிறந்த எடையை அவன் மீண்டும் எட்டியது இருபத்துநான்காம் நாள்.

இருவரின் எடைக் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் இருபதாம் நாளை ஒட்டி அவை ஒன்றையொன்று வெட்டுகின்றன. இருபத்தெட்டாம் நாள் அக்கா 1,400 கிராம், தம்பி 1,310 கிராம். அந்த நேரத்தில் அப்படி யாரும் வரைந்து பார்க்கவில்லை. இருவரின் தாள்களும் இரண்டு வெவ்வேறு அறைகளில் இருந்தன.

## கண் பரிசோதனைகள்

எங்கள் பிரிவில் 32 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 1,500 கிராமுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும், அதற்கு மேற்பட்டவர்களில் நோய் கடுமையாக இருந்தவர்களுக்கும் கண் பார்க்கப்படுகிறது. முதல் பரிசோதனை பிறந்து நான்காம் வாரத்தில்.

இருபத்தெட்டாம் நாள், அதாவது 33 வாரத்தில், இருவரையும் ஒரே காலையில் பார்த்தார் கண் வைத்திய நிபுணர். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்தை இடைவெளி விட்டுப் போட வேண்டும். வழிந்த துளியை உடனே துடைத்துவிட வேண்டும். தோல் வழியே உள்ளே போனால் நாடித் துடிப்பும் குடலின் அசைவும் பாதிக்கப்படலாம். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, நாக்கில் ஒரு துளி தாய்ப்பால் வைத்து, இமைகளைச் சிறு கம்பி விரிப்பானால் திறந்து பார்ப்பார்கள். தம்பிக்கு அன்று பாதியில் நாடித் துடிப்பு குறைந்ததால் நிறுத்தி, அவன் தேறிய பின் தொடர வேண்டியிருந்தது.

அக்கா: இரண்டாம் வலயம், முதிராத குழாய்கள், நோய் இல்லை. இரண்டு வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும்.
தம்பி: இரண்டாம் வலயத்தின் பின்பகுதி, முதல் நிலை. ஒரு வாரத்தில் பார்க்க வேண்டும்.

34 வாரத்தில் தம்பிக்கு இரண்டாம் நிலை. பின்பகுதிக் குழாய்களில் இலேசான நெளிவு. விதிப்படி ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் போதும். கண் நிபுணர் ஐந்தே நாட்களில் வருவதாகச் சொன்னார். இந்தப் பதிவில் வரும் தீர்மானங்களில் மிக முக்கியமானது இதுதான் என்று கருதுகிறேன். கண்ணில் கண்டதை மட்டும் வைத்து அவர் அப்படிச் சொல்லவில்லை. தொற்று எப்போது வந்தது, எடை எங்கே நிற்கிறது, குருதி ஏற்றினீர்களா, இன்னும் எவ்வளவு ஒட்சிசன் என்று கேட்டு, குழந்தையின் வார்டுப் பதிவேடான டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஐந்து நாள் கழித்துப் பார்த்தபோது வலது கண்ணில் இரண்டாம் நிலையே நீடித்தது, இடது கண்ணில் மூன்றாம் நிலை தொடங்கியிருந்தது, பிளஸ் இல்லை. சிகிச்சை இன்னும் தேவையில்லை, ஆனால் எல்லைக் கோட்டில் நிற்கிறான்.

அப்போது பிரிவுக்குள் ஒரு கேள்வி எழுந்தது: விழித்திரை இப்போது ஒட்சிசனுக்குத் தவிக்கும் கட்டத்தில் இருக்கிறதே, கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் என்ன? கேட்கத் தகுந்த கேள்விதான். 2000இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று இதையே சோதித்தது. செறிவை 96 முதல் 99 வரை உயர்த்தி வைத்ததால் நோய் முற்றும் வீதம் தெளிவாகக் குறையவில்லை. நுரையீரல் தொல்லைகள் கூடின. இவனுடைய நுரையீரலோ ஏற்கெனவே நொந்திருந்தது. ஆகவே செறிவுக்கு எங்கள் பிரிவு வைத்திருந்த 90 முதல் 95 என்ற வரம்பை மாற்றவில்லை.

வரம்பைக் கீழே இறக்குவதற்கும் இடமில்லை. 2010இல் வெளியான ஆய்வில், 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களின் செறிவை 85 முதல் 89க்குள் வைத்தபோது, பிழைத்த குழந்தைகளில் கடுமையான கண் நோய் 17.9 சதவீதத்திலிருந்து 8.6 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இறப்பு 16.2 சதவீதத்திலிருந்து 19.9 சதவீதமாக உயர்ந்தது. 1950களில் ஒட்சிசனை ஒரேயடியாகக் கட்டுப்படுத்தியபோது கண்கள் தப்பின, உயிர்கள் போயின. அந்தப் பாடத்தை மருத்துவ உலகம் இரண்டு முறை படித்திருக்கிறது.

பிறந்த நாற்பத்தைந்தாம் நாள், 35 வாரம் 3 நாளில், இரண்டு கண்களிலும் மூன்றாம் நிலை, பிளஸ். இரண்டாம் வலயத்தில் இது உடனடிச் சிகிச்சைக்குரியது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும்.

## பெற்றோரிடம் சொன்னது

இதுவரை கண் பற்றிய பேச்செல்லாம் தந்தையிடமே நடந்திருந்தது. அவருக்குச் சிங்களம் சரளம்; பார்வை நேரத்தில் வருவார், தாதிமார் சொல்வதைக் கேட்டுப் போவார். இரவும் பகலும் வார்டில் இருந்த தாய்க்குச் சிங்களம் அவ்வளவாகப் புரியாது. அவரிடம் மகனுக்கு "கண்ணில் ஒரு சின்னப் பிரச்சினை" என்று மட்டும் கணவர் சொல்லியிருந்தார். மனைவியைப் பயமுறுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான்.

லேசர் ஒப்புதல் கேட்டபோது தாய் சொன்ன முதல் வாக்கியம்: "டொக்டர், கண் நன்றாகத்தானே இருக்கிறது, விளக்கைக் காட்டினால் பார்க்கிறானே." அவர் சொன்னதில் தவறில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் எதுவுமே தெரியாது. தெரிகிற அளவுக்கு வரும்போது காலம் கடந்திருக்கும். பரிசோதனை முடிந்த ஒவ்வொரு முறையும் மகனின் கண் சிவந்து வீங்கியிருந்ததை மட்டும் அவர் பார்த்திருந்தார். பரிசோதனைதான் கண்ணைக் கெடுக்கிறது என்ற ஐயம் அவருக்கும் அவருடைய தாயாருக்கும் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

தமிழ் பேசும் தாதி ஒருவரை அழைத்து, தாளில் ஒரு வட்டம் வரைந்து, குழாய் எதுவரை வந்திருக்கிறது, எங்கே நிற்கிறது, லேசர் எந்தப் பகுதியில் விழும் என்று காட்டினோம். அரை மணி நேரம் ஆனது. தாய் கேட்ட கேள்விகள் கூர்மையானவை. லேசர் விழும் இடத்தில் பார்வை போகுமா? ஆம், ஓரப் பார்வையில் கொஞ்சம் குறையலாம், நடுப் பார்வையைக் காப்பதற்காக அதைக் கொடுக்கிறோம். அக்காவுக்கும் வருமா? முதல் நிலை தொடங்கியிருக்கிறது, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

## லேசரா, ஊசியா

கண்ணுக்குள் போடும் பெவசிசுமாப் போன்ற ஊசிகள், மிகையாகச் சுரக்கும் தூண்டுகாரணியையே கட்டிப்போடுபவை. விரைவாகப் போடலாம், மயக்கம் குறைவு, ஓரப் பார்வையும் தப்பும். ஒன்றாம் வலய நோயில் அவற்றின் பலன் 2011 முதல் நன்கு தெரியும். ஆனால் ஊசிக்குப் பின் நோய் அடங்கியது போல் இருந்து, பல வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் கிளம்பக்கூடும். குழந்தையின் கண்ணை அதுவரை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கண் நிபுணர் லேசரைத் தேர்ந்தார். நோய் இரண்டாம் வலயத்தில் இருந்தது ஒரு காரணம். மற்றக் காரணம் மருத்துவப் புத்தகத்தில் இருக்காது: குழந்தைகள் வீடு திரும்பியதும் ஹட்டனுக்குப் போகப்போகிறார்கள் என்பதைத் தாய் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மலையிலிருந்து கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் இறங்கி வந்து போவார்கள் என்று நம்பி ஊசியைத் தேர்வது, சிகிச்சையைக் குடும்பத்தின் தலையில் கட்டுவதாகும். எனக்கு அந்தத் தேர்வு சரியென்றே படுகிறது.

2003இல் வெளியான, இன்றும் நாம் பின்பற்றும் விதியைத் தந்த ஆய்வு, உரிய கட்டத்தில் முன்கூட்டியே சிகிச்சை செய்ததால் விழித்திரை கெட்டுப்போகும் வீதம் 15.6 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 703 கிராம். 1,260 கிராமில் பிறந்தவன் அதே நோயோடு அதே மேசைக்கு வருவது நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் அடிக்கடி காணும் காட்சி. வசதியான நாடுகளில் பெரிய குழந்தைகளுக்கு அரிதாகவே வரும் நோய் இங்கே வருகிறது என்றால், காரணத்தைக் குழந்தையிடம் தேடிப் பயனில்லை.

## சிகிச்சையும் அதன் பின்னும்

நாற்பத்தாறாம் நாள், வென்டிலேட்டர் உதவியோடு, பிரிவுக்குள்ளேயே இரண்டு கண்களிலும் லேசர் செய்யப்பட்டது. குழாய் எட்டாத வெளிவட்டம் முழுவதும் சிறு சிறு சூட்டுப் புள்ளிகளை நெருக்கமாக இடும் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அவனை வென்டிலேட்டரிலிருந்து எடுக்க இரண்டு நாட்களாயின.

ஒரு வாரத்தில் வலது கண்ணில் குழாய்களின் வீக்கம் வடியத் தொடங்கியது. இடது கண்ணில் பிளஸ் அப்படியே இருந்தது. மூக்குப் பக்கம் புள்ளிகளுக்கு இடையே சூடு படாத பகுதி ஒன்று தெரிந்தது. ஐம்பத்தேழாம் நாள் அந்த இடத்துக்கு மீண்டும் லேசர். அதன் பின் இரண்டு கண்களும் அடங்கின.

## அக்காவின் தவறிய தேதி

தம்பியைச் சுற்றி இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது அக்கா அமைதியாக 1,780 கிராமை எட்டி, நாற்பத்துமூன்றாம் நாள் வீடு போனாள். அதற்கு முந்தைய நாள் பார்த்த பரிசோதனையில் அவளுக்கும் முதல் நிலை தொடங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டும் என்ற தேதி, வீடு போகும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டின் இரண்டாம் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே எழுதப்பட்டிருந்தது.

தாய் மகனோடு வார்டில் இருக்க வேண்டியிருந்ததால், குழந்தையைத் தாயின் தாயார் ஹட்டனுக்குக் கொண்டுபோனார். தீட்டுக் கழித்து, பெயர் வைத்து, தொட்டிலில் போட வேண்டும்; ஏற்கெனவே நாள் தள்ளிப்போய்விட்டது. ஐம்பத்தாறாம் நாள் கிளினிக்கில் அவளுடைய பெயர் கூப்பிடப்பட்டபோது ஆள் இல்லை. மறுநாள் தம்பிக்கு இரண்டாவது லேசர் என்பதால் தாய்க்கு அன்று வேறெதுவும் நினைவில் இல்லை. தந்தை கடையில் இருந்தார்.

கிளினிக் தாதி தந்தையின் தொலைபேசிக்கு அழைத்தார். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது, மழை விட்டதும் கொண்டுவருகிறோம் என்றார் அவர். தாதி அதோடு விடாமல் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். மருத்துவமாது தோட்டத்துக்கே போய்ப் பாட்டியிடம் பேசினார். வார்டில் எங்கள் விளக்கத்தால் தீராத ஐயம் அவர் பேச்சில் தீர்ந்தது. தமிழில், அவர்கள் வீட்டு வாசலில், அவர்களுக்குப் பல வருடமாகத் தெரிந்த ஒருவர் சொன்னார் என்பதே காரணம். அறுபத்தைந்தாம் நாள் பாட்டி குழந்தையோடு வந்து சேர்ந்தார். குழாய்கள் மூன்றாம் வலயத்துக்குப் போயிருந்தன. முதல் நிலைக் கோடு மறைந்துகொண்டிருந்தது.

நல்லபடி முடிந்தது என்பதால் அந்த ஒன்பது நாட்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிடக் குறைவான நாட்களுக்குள் தம்பி எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தான்.

## விளைவு

ஒரு வயதில் (பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்டு) அக்காவின் கண்களில் வயதுக்குரிய பார்வை, கண்ணாடி தேவையில்லை. தம்பியின் இரண்டு விழித்திரைகளும் இடத்தில் ஒட்டியிருக்கின்றன. வலது கண்ணில் மைனஸ் 2, இடது கண்ணில் மைனஸ் 4.5 கிட்டப்பார்வை. இடது கண் இலேசாக உள்நோக்கித் திரும்புகிறது. கண்ணாடி கொடுக்கப்பட்டது. இடது கண்ணை வேலை வாங்குவதற்காக வலது கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடுகிறார்கள். ஒட்டியதைப் பிய்த்து அக்காவின் நெற்றியில் ஒட்டுவது அவனுடைய தற்போதைய வழக்கம் என்று தாய் சொன்னார். தரையில் கிடக்கும் சோற்றுப் பருக்கையை எடுத்து வாயில் போடும் அளவுக்குப் பார்வை இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் வரையிலும், அதன் பிறகும், ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். லேசர் செய்த கண்ணில் பின்னாளிலும் விழித்திரை கிழியலாம்.

## நோயை முற்றவைத்தவை

பிறந்த வாரமும் எடையும் இருவரையும் ஆபத்துக்குரியவர்களாக்கின. அதற்கு மேல் தம்பியின் கணக்கில் சேர்ந்தவை: நீடித்த ஒட்சிசன், அதன் ஏற்ற இறக்கம், கலக்காத சிலிண்டர் ஒட்சிசனில் இரண்டு பயணங்கள், கிருமித் தொற்று, இரண்டு முறை ஏற்றிய குருதி, மூன்றரை வாரம் ஏறாத எடை.

இவற்றில் எது எவ்வளவு பங்களித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒன்று மற்றொன்றை இழுத்து வந்தது. தொற்று வந்ததால் வென்டிலேட்டர்; வென்டிலேட்டரால் ஒட்சிசன்; தொற்றால் பால் நிறுத்தம்; பால் நின்றதால் எடை நின்றது. எடை ஏறாத குழந்தையின் உடலில், குழாய் வளர்ச்சிக்குத் தேவையான ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைவாக இருக்கும்; முதல் கட்டம் நீளும்; வெற்றிடம் பெரிதாக இருக்கும். அதனால்தான் வாராந்த எடையேற்றத்தைக் கொண்டே கண் நோயை முன்கூட்டி ஊகிக்கும் முறைகள் வந்துள்ளன. குருதி ஏற்றும்போது வரும் பெரியவர்களின் ஹீமோகுளோபின், சிசுவின் ஹீமோகுளோபினைவிட எளிதாக ஒட்சிசனைத் திசுவுக்கு விட்டுக்கொடுக்கிறது. ஒக்சிமீற்றரில் எண் மாறாமலே விழித்திரைக்குப் போகும் ஒட்சிசன் கூடலாம். ஆனாலும் குருதி ஏற்றப்படுபவர்கள் நோய் மிகுந்த குழந்தைகளே என்பதால், குற்றம் குருதியிலா நோயிலா என்பதில் வாதம் முடியவில்லை.

என்னைக் கேட்டால், சங்கிலியின் முதல் கண்ணி பதினோராம் நாளின் தொற்று. குறைமாதக் குழந்தையின் கண்ணைக் காக்கும் மிக மலிவான கருவி கை கழுவும் குழாயடியில் இருக்கிறது. கண் நோயைப் பற்றிய கூட்டங்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது ஒரு குறை.

## மாறியவையும் மாற வேண்டியவையும்

கண் பரிசோதனைத் தாளில் இப்போது எடைக் கோட்டுக்கும் இடம் இருக்கிறது. கண் நிபுணர் வரும் நாளில் தாதி தயாராக வைப்பவை நான்கு: வாராந்த எடை, ஒட்சிசன் நாட்கள், தொற்று, ஏற்றிய குருதி. அடுத்த பரிசோதனை எப்போது என்பதை அவர் அவற்றையும் பார்த்தே எழுதுகிறார். இரட்டையரின் தாள்கள் ஒரே உறைக்குள் வைக்கப்படுகின்றன.

ஒக்சிமீற்றரின் மேல் எல்லை அலறலை யாரும் அணைக்கக் கூடாது என்பது விதி. முன்பு அது ஓயாமல் கத்துகிறதென்று அணைக்கப்படுவதுண்டு. குமிழை ஏற்றியவர், குழந்தை மீளும்வரை பக்கத்தில் நின்று, அவரே இறக்கிவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது இரண்டாவது விதி. பகலில் இது ஓரளவு நடக்கிறது. இரவில் ஆள் போதாமை தீராதவரை முழுதாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பரிசோதனைக்கு எடுக்கும் குருதியின் அளவு தாளில் எழுதப்பட்டு, நாள் முடிவில் கூட்டப்படுகிறது. எண்ணைக் கண்ட பிறகு தேவையற்ற பரிசோதனைகள் தாமாகவே குறைந்தன.

வீடு போகும்போது கண் தேதி இப்போது டயக்னோசிஸ் கார்டின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, தமிழிலோ சிங்களத்திலோ அந்தக் குடும்பம் படிக்கும் மொழியில் எழுதப்படுகிறது. குழந்தை எந்த ஊருக்குப் போகிறது, யார் கையில் போகிறது என்பது தனியாகக் கேட்கப்பட்டு, அந்தப் பகுதி மருத்துவமாதுக்கு அன்றே தகவல் போகிறது. இரண்டு தொலைபேசி எண்கள் வாங்குகிறோம். ஒன்று தாயினுடையதாக இருக்க வேண்டும். கண்ணைப் பற்றிய முதல் விளக்கம், முதல் பரிசோதனைக்கு முன்பே, தாய்க்கு நேரடியாகச் சொல்லப்படுகிறது. கண் சிவக்கும், வீங்கும், இரண்டு நாளில் வடிந்துவிடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறோம்.

அம்புலன்ஸுக்கு ஒட்சிசனையும் காற்றையும் கலக்கும் கருவி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அதுவரை, வென்டிலேட்டர் இல்லாமல் போகும் குழந்தைகளுக்கு, செறிவு 95ஐத் தாண்டினால் சிலிண்டரின் ஓட்டத்தைக் குறைத்து, குறைத்த நேரத்தைத் தாளில் எழுதுமாறு கூடப் போகும் தாதியிடம் சொல்லி அனுப்புகிறோம். அண்மையில் வந்த தாள்களில் 94, 93, 95 என்ற எண்கள் தெரியத் தொடங்கியிருக்கின்றன.